நீரைப் பிளக்கும் ஒளி

1937ஆம் ஆண்டு தாம்பரத்தார் மறவாத ஆண்டு. நூறாண்டுகளாகச் சென்னை நகருள் இயங்கிய கிறித்துவக் கல்லூரி, சேலையூர்க் காட்டையொட்டிய பெருநிலத்திற்குக் குடிபெயர்ந்தது அவ்வாண்டில்தான். புதர் மண்டிக் கிடந்த அந்நிலம் மரம் செறிந்த வளாகமானதில் எட்வர்டு பார்ன்சின் பங்கு பெரிது. அவர் தாவரவியலார் அல்லர், வேதியியல் பேராசிரியர். செடிகொடிகளைத் தேடித் தொகுப்பதில் அவருக்கிருந்த வேட்கை எண்ணி மகிழத்தக்கது.

இலையின் வேதியியலில் ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் அதே ஆண்டில்தான். இங்கன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்சில். இரண்டிற்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் நம் புறநகர்க் கல்லூரிகளின் ஆய்வுமேசையிலும் செய்துகாட்டத்தக்க எளிமை அச்சோதனைக்கு உண்டு.

பச்சிலை ஒளியில் உயிர்வளியை வெளியிடுகிறது என்பதை 1779இலேயே இங்கன்ஹவுஸ் எழுதிவிட்டார். அது எதிலிருந்து பிரிகிறது? கரியமிலவாயுவிலிருந்து என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பினர். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடி விடும் குமிழிகளைத் தானே பதியும் கருவியால் எண்ணி, 1924இல் ஒளிச்சேர்க்கை பற்றித் தனிநூலே வெளியிட்டார். அவர் அளந்தது முழுச்செடியின் செயலை. உயிர்வளியின் பிறப்பிடத்தைக் குமிழி சொல்லாது.

இராபின் ஹில் இலையை அரைத்துப் பசுங்கணிகங்களை மட்டும் பிரித்தெடுத்தார். அவற்றோடு ஃபெரிக் ஆக்சலேட் என்னும் இரும்பு உப்பைச் சேர்த்து ஒளியில் வைத்தார். வெளிப்படும் உயிர்வளியை அறிய அவர் கையாண்டது ஹீமோகுளோபின். உயிர்வளியைப் பற்றியதும் அதன் நிறம் மாறும். முன்னரே அப்பொருளை ஆய்ந்து பழகியவர் அவர். கரியமிலவாயு மாவுப்பொருளாக மாறாத நிலையிலும் உயிர்வளி பிறந்தது! ஒளியின் பணி வேறு, மாவுப்பொருள் ஆக்கும் பணி வேறு என்பது அங்கே புலனாயிற்று. 1941இல் ரூபன், காமன் முதலியோர் கனமான உயிர்வளி அணுக்களை அடையாளமாக வைத்து ஆய்ந்து, பிரிவது நீரே என்பதற்குச் சான்று தந்தனர்.

இன்று கல்லூரிகளில் இரும்பு உப்புக்கு மாற்றாக இன்டோபீனால் என்னும் நீலச்சாயத்தைச் சேர்க்கின்றனர். பாலக்கீரையைக் குளிர்ந்த கரைசலில் அரைத்து, மெல்லிய துணியில் வடித்து, சுழற்றிப் பிரித்த பசுங்கணிகங்களோடு இச்சாயத்தைக் கலந்து விளக்கொளியில் வைத்தால் நீலம் மறையும். கருந்தாள் சுற்றிய குழாயில் நீலம் நீலமாகவே நிற்கும். நம்மூர் வெக்கையில் பனிக்கட்டியை மறந்தால் கணிகங்கள் விரைவில் செயலிழந்துவிடும். விளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

தமிழ் கற்பிப்பவளாகிய எனக்கு இங்கே சொல்லொன்று உறுத்துகிறது. ‘ஒளிச்சேர்க்கை’ என்பது அழகிய ஆக்கம். ஆனால் ஒளி முதலில் செய்வது சேர்த்தலன்று, பிளத்தல். அதுகூடப் பொறுக்கத்தக்கது, சேர்த்தல் பின்னர் நிகழ்கிறதே. ‘இருள்வினை’ என்னும் சொல்தான் மாணவரை வழிதவறச் செய்கிறது. அது இரவில் நடப்பதென்றே பலர் எழுதுகின்றனர். உண்மையில், ஒளிவினை ஆக்கித் தரும் ஆற்றல்பொருள்கள் தீர்ந்தால் அவ்வினையும் நின்றுவிடும். அதன் நொதிகள் சிலவற்றைத் தூண்டுவதும் ஒளியே. ஆங்கிலப் பெயரில் இருந்த பிழையை நாம் அப்படியே பெயர்த்துக்கொண்டோம். ‘கரியமிலவாயு நிலைநிறுத்தம்’ எனச் செயலையே பெயராக்கினால் இக்குழப்பத்திற்கு இடமில்லை.