மொட்டை வேற, வழுக்கை வேற!

சித்தூர்க்காரங்களுக்கு மொட்டை ஒண்ணும் புதுசில்லைங்க. 2022-ல திருப்பதி தனி மாவட்டமாப் பிரிஞ்சாலும், வேண்டுதல்னா எங்களுக்கு இன்னும் திருமலைதான். அங்கே கல்யாண கட்டாவில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் முடி காணிக்கை கொடுக்கறாங்க. கத்தி எடுப்பது தோலுக்கு மேலே இருக்கிற முடியை மட்டும்தான். வேர் உள்ளே பத்திரமா இருக்கு. மாசத்துக்கு சுமார் 1 செ.மீ. வளர்ந்துடும்.

வழுக்கை அப்படி இல்லை. அதில் வேர்க்குழியே சுருங்குது; ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிஞ்சு கடைசியில் பூனைமுடி ஆயிடுது.

இதை மனசுல வச்சுக்கிட்டு லேசர் சீப்பின் கதைக்கு வாங்க. 1967-ல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசரால் புற்றுநோய் வருமான்னு பார்க்க எலிகளின் முதுகை மழிச்சு, சக்தி குறைஞ்ச ரூபி லேசரைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரலை. முடிதான் வேகமா முளைச்சது! கவனிங்க, அது மொட்டை எலி, வழுக்கை எலி இல்லை.

நாற்பது வருஷம் கழிச்சு, 2007-ல், ஹேர்மேக்ஸ் லேசர் சீப்புக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. ஆண்களுக்காகக் கிளியரன்ஸ் கொடுத்தது, 2011-ல் பெண்களுக்கும். மருந்துக்குத் தரும் அப்ரூவல் வேற. கிளியரன்ஸ் என்பது, ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு இது இணைன்னு காட்டினால் கிடைப்பது. பேங்க் பாஷையில் சொன்னா, கே.ஒய்.சி. சரியா இருக்கு, அதுக்காகக் கடன் வசூலாகும்னு அர்த்தமில்லை.

சோதனையே இல்லையா? இருக்கு. 2014-ல் வெளிவந்த ஆய்வில் 128 ஆண்கள், 141 பெண்கள், 26 வாரம். நிஜக் கருவி வாங்கினவங்களுக்கு சதுர செ.மீ.க்கு சராசரியா 18 முதல் 26 முடி கூடுச்சு. லேசர் இல்லாத போலிக் கருவிக்காரங்களுக்கு 10-க்குள்ளே. வித்தியாசம் நிஜம்தான். ஆனா செலவு தயாரிப்பு நிறுவனத்தோடது. நல்ல தலையில் அதே இடத்தில் சுமார் 200 முடி இருக்கும்னும் சேர்த்துப் பாருங்க.

நமக்கு முக்கியமான வரி விளம்பரத்தில் இல்லை, அந்தக் கிளியரன்ஸில் இருக்கு. தோல் நிறத்தை ஆறு வகையாப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் 1 முதல் 4 வரைக்கும்தான் அனுமதி. வெள்ளைத் தோலில் ஆரம்பிச்சு மாநிறத்தோடு நின்னுடுது. நம்மில் பலர் 5. கறுப்புத் தோலில் உள்ள மெலனின் ஒளியை உறிஞ்சும். அதனால நமக்குப் பலிக்காதுன்னு சொல்லலை. நம்ம தோலுக்கான கணக்கு அதில் இல்லைன்னு சொல்றேன். முழு வழுக்கை ஆனவங்களும் அந்த அனுமதியில் வர மாட்டாங்க.

ஊருக்குப் போறப்ப மச்சானுக்கோ சித்தப்பாவுக்கோ இதை வாங்கிட்டுப் போக நினைச்சா, முதலில் ஒரு தோல் டாக்டரிடம் தலையைக் காட்டச் சொல்லுங்க. வேர்க்குழி மிச்சம் இருக்கா, இந்தத் தோலுக்குச் சோதிச்சிருக்காங்களா, எத்தனை மாசம் விடாம பிடிக்கணும்னு கேட்டுக்கோங்க. பதில் இல்லாம வாங்கினா, முடிக்கு முன்னாடி காசு கோவிந்தா!