தண்டவாளம் போன பின்னும்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 1932-இல் திறக்கப்பட்டது. 1965-இல் சிங்கப்பூர் தனிநாடான பின்னும், அங்கிருந்து தீவைக் கடந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை சென்ற பாதையின் நிலம் மலாயா ரயில்வேயின் வசமே இருந்தது. 2011 ஜூன் 30 இரவு கடைசி வண்டி புறப்பட்டது; மறுநாள் நிலம் சிங்கப்பூருக்கு வந்தது; தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன.

இடநெருக்கடி மிகுந்த அந்நாட்டில் அந்நிலம் கூறுபோடப்பட்டிருந்தால் வியப்பில்லை. ஆனால் 2010-லேயே சிங்கப்பூர் இயற்கைக் கழகத்தின் ஆர்வலர்கள், பாதை முழுவதையும் அறுபடாத பசுமைவழியாகக் காக்குமாறு முன்மொழிந்தனர். பொதுமக்களும் உடன் குரல் கொடுத்தனர். இன்று ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நடைவழி நமக்குக் கிடைத்திருக்கிறது. புக்கித் தீமா நிலையமும் இரும்புப் பாலங்களும் பிழைத்தன.

இத்தகைய வழிகளைக் குறிக்கும் தன்னார்வலர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பாலமும் நிலையமும் வரைபடத்தில் எளிதாக ஏறிவிடும். உழைத்தவர் சுவடு ஏறுவதில்லை. இப்பாதையோரம் 1932-இல் இந்திய ரயில்வேத் தொழிலாளர் எழுப்பிய முனீஸ்வரர் சிற்றாலயம், 1998 முதல் காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயிலாக விளங்குகிறது. அது முதலில் நின்ற இடமும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிப் பாதைக்கும் இது பொருந்தும். தடம் சென்ற திசையைப் பழைய ஆவணங்கள் காட்டும். அதனருகே வாழ்ந்தவர் யார் என்பதை முதியவர்களிடமே கேட்டறிய வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்போம்.