கோடைக்கானலின் பழைய வீடுகளும் 'கோஹினூர்' பங்களாவும்

கோடைக்கானல் செல்லும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஏரி, தூண் பாறை, குணா குகை, சாக்லேட் கடை என்று ஒரே நாளில் சுற்றிவிட்டு இறங்கிவிடுகின்றன. வழியெங்கும் மரங்களுக்குப் பின்னால் நிற்கும் பழைய கல் வீடுகளை யாரும் கவனிப்பதில்லை. அவற்றுக்கும் வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி நமக்கு மிக நெருக்கமானது.

பழனி மலையின் இந்தப் பகுதியை 1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேயர் அளந்தார். ஆனால் முதலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் நோய்க்குப் பலரைப் பறிகொடுத்தபின், குளிர்ந்த இடம் தேடி மேலே வந்து 1845-ல் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்ற இரு பங்களாக்களைக் கட்டினார்கள். ஊட்டி போன்ற ஊர்கள் ஆட்சியாளர்களுக்காக வளர்ந்தவை. இந்த ஊரோ நோய்க்கு அஞ்சி வந்தவர்களால் தொடங்கியது. அன்று சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடி மலைப்பாதைதான். மனிதர்களையும் சாமான்களையும் கூலித் தொழிலாளர்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். இன்றைய மலைச்சாலை 1914-ல்தான் வந்தது. எனவே அதற்கு முந்தைய வீடு எதைப் பார்த்தாலும், கட்டியவர் பெயரோடு சுமந்தவர்களையும் நினைக்கத் தோன்றுகிறது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஏரி இயற்கையானது என்று பலர் நினைக்கிறார்கள். அது மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் கரை கட்டி உருவாக்கியது. முதல் படகையும் தூத்துக்குடியிலிருந்து அவரே வரவழைத்தார். கோக்கர்ஸ் வாக் 1872-ல் அமைந்தது.

இனி கோஹினூர் பங்களா. 'ஷேரே கஷ்மீர்' ஷேக் முஹம்மது அப்துல்லாஹ் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டிருந்த வீடு இது. 1953-ல் ஜம்மு காஷ்மீரின் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டுப் பல ஆண்டுகள் சிறையில் கழித்தவர், 1964-ல் விடுதலையானார். மறு ஆண்டே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பயணத்தின் இடையே அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தது டெல்லியில் பெரும் புயலைக் கிளப்பியது. 1965 மே மாதம் டெல்லி விமான நிலையத்தில் இறங்கியதுமே கைது செய்யப்பட்டார். முதலில் ஊட்டி, பிறகு கோடைக்கானல். இஹ்ராம் களைந்து சில வாரங்களே ஆன ஒரு ஹாஜி, விசாரணையின்றி நாட்டின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டார். மலையும் ஏரியும் குளிரும் காஷ்மீரைப் போலவே. பேச்சு மொழி மட்டும் தெரியாது. கம்பியில்லாத சிறை என்றாலும் சிறை சிறைதான். இறுதியில் 1968-ல் விடுதலையாகி, 1975-ல் மீண்டும் காஷ்மீரின் முதலமைச்சரானார். அவருடைய அரசியலில் உடன்பாடு இல்லாதவர்களும் இந்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

நேரம் இருந்தால் சூரிய ஆய்வுக்கூடத்துக்கும் செல்லுங்கள். 1901 முதல் அங்கே சூரியனைக் கவனித்து வருகிறார்கள். 1909-ல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை இங்கிருந்துதான் கண்டறிந்தார். தாண்டிக்குடி, பெத்துப்பாறைப் பக்கம் நிற்கும் கற்திட்டைகள் இவை எல்லாவற்றையும் விடப் பழமையானவை. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த அமைப்பு. பார்க்க வீடு போலவே இருக்கும். ஆனால் அவை இறந்தவர்களுக்கு எழுப்பியவை. பிள்ளைகளை மேலே ஏறவிட வேண்டாம்.

பழைய பங்களாக்களில் பல இன்றும் தனியார் குடியிருப்புகள். அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையும் அதபு நமக்குத் தெரிந்ததுதான். அனுமதி இல்லையென்றால் சாலையில் நின்று பார்த்துத் திரும்பலாம். வாகனத்தில் செல்வோர் இ-பாஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அது நடைமுறைக்கு வந்தது.