எங்கட வீட்டுச் சின்னம் எது?



பாடசாலை விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன் என் பேத்தி ஒரு வீட்டுப்பாடத்துடன் வந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்துக்கு ஒரு கேடயச் சின்னம் வரைந்து, அதற்கு விளக்கமும் எழுதவேண்டுமாம். "அப்பப்பா, எங்கட வீட்டுச் சின்னம் எது?" என்று கேட்டாள்.

நான் வாய் திறக்குமுன் மகன் கணினியைத் திறந்துவிட்டான். குடும்பப் பெயரைத் தட்டினால் சின்னத்தை அச்சடித்து, சட்டம் போட்டு அனுப்பும் வியாபாரிகள் இருக்கிறார்கள். எங்கள் பெயரைத் தட்டினோம். வாளேந்திய சிங்கம் ஒன்று வந்து நின்றது! குசினியில் நின்ற மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்" என்றார்.

சிரித்து முடிந்தபின் யோசித்தேன். "குடும்பப் பெயர்" என்று நாங்கள் தட்டியது என் தகப்பனாரின் பெயர். புகலிட விண்ணப்பத்தில் அதற்கென ஒரு கட்டம் இருந்தது, நிரப்பினேன். அன்றிலிருந்து அது எங்கள் பரம்பரைப் பெயராகிவிட்டது. இங்கே பலருடைய வீட்டுக் கதையும் இதுதான்.

ஆனால் ஐரோப்பிய மரபின்படி பார்த்தாலும் பெயருக்குச் சின்னம் விற்பது பிழை. இங்கிலாந்தில் சின்னம் ஆளுக்குரியது, அவர் வழிவந்தவருக்குரியது. ஒரே பெயர் கொண்ட எல்லோருக்கும் உரியதன்று. இதைக் கவனிக்க 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னன் நிறுவிய மன்றம் லண்டனில் இன்றும் இயங்குகிறது. அவுஸ்திரேலியாவுக்கென்று அப்படியொரு மன்றம் இல்லை; விரும்பிய சிலர் லண்டனுக்கே விண்ணப்பிக்கிறார்கள்.

ஒரே சின்னத்தை இருவர் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 1385இல் இங்கிலாந்துப் படை ஸ்கொட்லாந்துக்குப் போனபோது, சேர் ரிச்சர்ட் ஸ்க்ரோப், சேர் ரொபேர்ட் குறோவ்னர் என்ற இரு பிரபுக்கள் ஒரே சின்னத்துடன் நின்றார்கள்: நீல நிலத்தில் பொன்னிறச் சாய்பட்டை. ஸ்க்ரோப் வழக்கு வைத்தார். நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள். ஆங்கிலக் கவிஞர் சோசரும் அவர்களில் ஒருவர். லண்டன் வீதியொன்றில் ஒரு விடுதி வாசலில் அந்தச் சின்னம் தொங்கக் கண்டு, இது ஸ்க்ரோப் வீட்டாருடையதா என்று கேட்டதாகவும், இல்லை, குறோவ்னருடையது என்று பதில் வந்ததாகவும் அவர் சொன்னார். அந்தப் பெயரை அவர் அதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லையாம். வழக்கு 1390 வரை இழுபட்டது. ஸ்க்ரோப் வென்றார். குறோவ்னர் பட்டையை விட்டுவிட்டுக் கோதுமைக் கதிர்க்கட்டை எடுத்துக்கொண்டார். தோற்ற வீட்டார் இதை மறந்தார்கள் என்று நினைக்கவேண்டாம். அவர்களின் வழிவந்த கோமகன் ஒருவர் தம் குதிரைக்குப் "பொற்பட்டை" என்று பொருள்படும் பெயரே வைத்தார். அது 1880இல் டேர்பிப் பந்தயத்தில் வென்றது.

இந்த வழக்கில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சாட்சிகள்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, உறுதிகளும் பிறப்புப் பதிவுகளும் வீட்டு அலுமாரியிலேயே கிடந்தன. பிறகு நான் இன்னாரின் மகன், இந்தக் காணி எங்களுடையது என்று நிறுவ, ஊரவர் நாலுபேரின் வாய்ச்சொல்லைத்தானே தேடினோம்! ஆறு நூற்றாண்டுக்கு முன் பிரபுக்களுக்கும் அதே பாடுதான்.

இனி நிறங்களுக்கு வருவோம். பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகத்தையோ நிறத்தின்மேல் நிறத்தையோ வைக்கக்கூடாது. போர்க்களத்தில் தூரத்திலிருந்து அடையாளம் தெரியவேண்டும் என்பதே காரணம் என்பார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சின்னத்தைப் பாருங்கள். அரச அச்சகத் தலைவராயிருந்த வில்லியம் கலிக் வடிவமைத்து 1906இல் வழங்கப்பட்டது அது. நீல நிலத்தில் சிவப்புச் சிலுவை. ஆனால் சிவப்பு நீலத்தைத் தொடாதபடி இடையில் வெள்ளை விளிம்பு ஓடுகிறது. கால்பகுதிகளில் ஆட்டுரோமமும் கோதுமைக் கதிர்க்கட்டும், எல்லாம் பொன்னிறம். 2004இல் வந்த சட்டத்தின்பின் அரச குடும்பச் சின்னத்துக்குப் பதிலாக இதுவே மாநிலத்தின் உத்தியோகபூர்வச் சின்னம்.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. சின்னம் படத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. "நீலத்தில் பொற்பட்டை" என்ற சொல்லே மூலம். ஓவியர் தம் கைக்கேற்ப வரையலாம். இது எங்களுக்குப் புதிதல்ல. மேய்ஸ் ஹில் கோயிலில் கும்பிடுகிற முருகனைச் சேவற்கொடியோன் என்கிறோம். எந்தச் சேவல், வால் எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது? 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் ஒரு பெருங்கற்காலப் புதைகுழியைத் தோண்டியபோது, சிறிய முத்திரை ஒன்று கிடைத்தது. மோதிரத்தில் பதித்திருந்ததாகக் கருதப்படும் அதில் ஒரு வரி பிராமி எழுத்து, ஒரு வரி குறியீடுகள். "கோவேத" என்றும் "கோவேந்தன்" என்றும் படித்திருக்கிறார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டு அளவில் ஒரு மனிதன் தன் பெயரையும் குறியையும் சேர்த்து விரலில் அணிந்திருக்கிறான். தனியாள் சின்னம் என்றால் இதைவிட வேறென்ன?

அரசர்களுடையவை வேறு. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளில் நந்தியும் மேலே பிறையும் கீழே "சேது" என்ற சொல்லும் உண்டு. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலிக்குப் பக்கத்தில் பாண்டியரின் இரு மீன்களும் சேரரின் வில்லும் இருக்கின்றன. வென்றவன் தோற்றவன் சின்னத்தையும் தனதாக்குகிறான். மூன்றாம் எட்வேர்ட் 1340இல் பிரெஞ்சு மன்னரின் லில்லி மலர்களைத் தன் கேடயத்தில் சேர்த்தான். பிரான்சைக் கைவிட்டு நூற்றாண்டுகள் கழிந்தும் அவை 1801 வரை அங்கேயே இருந்தன.

மகன் நந்தியைப் போடலாம் என்றான். நான் மறுத்தேன். அது அரசருடையது, சைவர் எல்லோருடையது. எங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி வரும்? புலியும் அப்படித்தான். "நாங்கள் அந்தக் காலத்தில் அரச வம்சம்" என்று அகதி முகாமில்கூடச் சொல்லித் திரிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியில் என் மனைவி பெட்டியிலிருந்து ஒரு பழைய வேட்டியை எடுத்து வந்தார். என் தகப்பனாருடையது. ஓரத்தில் அழியாத கறுப்பு மையில் மூன்று புள்ளி, ஒரு வளைகோடு. கட்டாடியார் எங்கள் வீட்டு உடுப்புக்கு இட்ட குறி. பக்கத்து வீட்டுக்கு வேறு குறி. ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரே குறி இருந்தால் வேட்டி மாறிப்போகும். வெள்ளையில் கறுப்பு, அதாவது உலோகத்தில் நிறம். லண்டன் மன்றத்தாரும் குறை சொல்ல முடியாது.

பேத்தி கேட்டாள்: "அந்தக் குறியைப் போட்ட ஆளின்ர பேர் என்ன?" எனக்குத் தெரியவில்லை. வாரம் தவறாமல் எங்கள் படலைக்கு வந்து, திண்ணையில் ஏறாமல் முற்றத்தில் நின்று துணி வாங்கிப்போன மனிதர். கட்டாடி என்றுதான் கூப்பிட்டோம். விளக்கத்தில் அதையும் எழுதச் சொன்னேன், எழுதினாள்.

"வெள்ளிக் கேடயம், கறுப்பில் மூன்று புள்ளி, கீழே ஒரு வளைகோடு." இதுதான் எங்கள் சின்னத்தின் சொல். ஆங்கில மரபில் இரண்டாவது மகனின் சின்னத்தில் ஒரு பிறை சேரும் என்று சொன்னதும் அவள் தம்பி தனக்கும் வேண்டும் என்று பிறை வரைந்துகொண்டான். சகோதரன் இருந்தால் மகளின் பிள்ளைகளுக்குச் சின்னம் போகாது என்பதும் அதே மரபுதான். 1988இல் கனடா தனக்கென்று ஒரு சின்ன மன்றம் அமைத்தபோது பெண்வழிக்கும் சம உரிமை கொடுத்தது. எங்கள் வீட்டில் கனடா விதியே செல்லும் என்று பேத்தி அறிவித்துவிட்டாள்.