காரோட்டியின் கண்ணெதிரே ஒரு திரை

காரோட்டுபவரின் கருத்தைப் பிற பொருள்கள் கவர்ந்து செல்லாமல் காக்கவேண்டும் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1930ஆம் ஆண்டில் கால்வின் நிறுவனம் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் காருக்கென வானொலி விற்கத் தொடங்கிய காலத்திலேயே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயின்ட் லூயிஸ் நகரிலும் அதனைத் தடுக்கவேண்டும் என்ற குரல் எழுந்தது. ஆயினும் வானொலி வென்றது. செவி பாட்டில் தோய்ந்திருக்கக் கண் பாதையிலே நிற்கக்கூடும் அல்லவா? தொலைக்காட்சியின் நிலை வேறு. அது கேட்பது கண்ணையே.

ஆகவே, தொலைக்காட்சியைச் சட்டம் பெயர் சொல்லியே விலக்கிற்று. கலிபோர்னியாவின் வண்டிச் சட்டத் தொகுப்பில் 27602ஆம் பிரிவு இதற்குரியது. பொழுதுபோக்குக்கோ தொழிலுக்கோ படம் காட்டும் திரை, ஓட்டுநர் இருக்கையின் முதுகுப்புறத்திற்கு முன்னே இயங்கலாகாது. வேறெங்கிருந்தாலும் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும்படி இயங்கலாகாது. பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு விதிகளில் 109ஆம் விதி இன்னும் நுட்பமானது. திரையை ஓட்டுநர் நேராகக் காண்பது மட்டுமன்றி, எதிரொளியாகக் காண்பதையும் அது விலக்குகிறது. பின்னிருக்கையில் ஓடும் படம் முன்னுள்ள கண்ணாடியில் தெரியும் என்பதை எண்ணிப் பார்த்து எழுதியவர் யாரோ, அவரைப் பாராட்டத்தான் வேண்டும்! வண்டியின் நிலை, வண்டி நிற்கும் இடம், அருகிலுள்ள சாலை, போகவேண்டிய வழி ஆகியவற்றைக் காட்டும் திரைக்கு மட்டும் அவ்விதி இடம் தந்தது.

அந்த விலக்கில்தான் ஓர் ஓட்டை இருந்தது. அதே 1986இல் அமெரிக்காவில் ‘பியூக் ரிவியரா’ கார் தொடுதிரையுடன் வெளிவந்தது. குளிர்காற்றையும் வானொலியையும் அத்திரையைத் தொட்டே இயக்கவேண்டும். பொத்தானை விரல் தடவிக் கண்டுகொள்ளும். வழவழப்பான திரையில் விரலுக்கு வழிகாட்டக் கண்ணே வரவேண்டும். குறைகூறல்கள் எழவே, சில ஆண்டுகளில் அந்நிறுவனம் அதனைக் கைவிட்டது. பின்னர் அது எல்லாக் கார்களிலும் திரும்பி வந்ததை யாவரும் அறிவர். கேளிக்கைத் திரை, வேலைத் திரை எனச் சட்டம் இரண்டாகப் பிரித்தது. பாதையை விட்டு விலகும் கண்ணுக்கு அப்பிரிவினை ஏது?

சட்டத்தின் சொல் நீதிமன்றத்தில் பட்ட பாடு இதைவிடச் சுவையானது. அலாஸ்காவில் 2002ஆம் ஆண்டு நேர்ந்த ஒரு மோதலில் தம்பதியர் இருவர் மாண்டனர். எதிரே வந்த வண்டியை ஓட்டியவர் முன்பலகையில் பொருத்திய டிவிடி கருவியில் படம் பார்த்துக்கொண்டே ஓட்டினார் என்று கூறி, அரசு அவர்மீது கொலைக் குற்றமே சாட்டியது. அவர் மறுத்தார். 2004இல் விடுதலையும் பெற்றார். கருவி இருந்தது என்பது வேறு, அப்பொழுது கண் அதன்மேல் இருந்தது என்பது வேறு. பின்னதை மெய்ப்பிப்பது அரிதினும் அரிது. பின்னர் 2008இல் அலாஸ்கா, ஓட்டுநர் காணும்படி படத்திரை இயங்குவதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது.

ஆனால் ‘இயங்குதல்’ என்ற அச்சொல்லும் பின்னர் வழுக்கியது. 2013 அக்டோபரில் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் விரைந்து சென்ற ஒரு பெண்மணியைக் காவலர் நிறுத்தினார். அவர் அணிந்திருந்ததோ ‘கூகுள் கிளாஸ்’ என்னும் கணினிக் கண்ணாடி. மேற்சொன்ன 27602ஆம் பிரிவின்கீழும் வழக்குப் பதிவாயிற்று. 2014 ஜனவரியில் வழக்குத் தள்ளுபடியானது. கண்ணாடி அப்பொழுது இயங்கிற்று என்பதற்குச் சான்று இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியை மனத்திற்கொண்டு எழுதிய சொல், மூக்கின்மேல் அமர்ந்த திரையைப் பிடிக்க இயலவில்லை.

இங்கிலாந்திலும் இவ்வாறே. ஒருவர் காரோட்டிக்கொண்டே சாலை விபத்தொன்றைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். அன்றைய விதி விலக்கியதோ பேசுவதையும் அதுபோன்ற செய்திப் பரிமாற்றத்தையும்தான். படம் பிடித்தல் அதில் அடங்காது என்று 2019இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புச் சரியே, சட்டம்தான் பழையது. 2022 மார்ச் 25 முதல், கையிலேந்தி எவ்வகையில் பயன்படுத்தினாலும் குற்றம் என்று விதி திருத்தப்பட்டது. சிங்கப்பூர் இதில் முந்திக்கொண்டது. பேசுவதோடும் செய்தி அனுப்புவதோடும் நில்லாமல், கைக்கணினி முதலிய கருவிகளையும் அது 2015 பிப்ரவரி 1 முதல் சட்டத்திற்குள் கொண்டுவந்தது.

கருவியின் பெயரை விட்டுக் கண்ணையே அளக்க முனைந்தது, 2013இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி. கார்த்திரையில் ஒரு வேலையைச் செய்யும்பொழுது ஒரு பார்வை 2 விநாடிக்கு மேற்படக்கூடாது, மொத்தம் 12 விநாடியைத் தாண்டக்கூடாது என்றது அது. மணிக்கு 90 கிலோமீட்டர் செல்லும் கார் 2 விநாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். எனினும் அது நிறுவனங்கள் விரும்பினால் ஏற்கும் அறிவுரையே, சட்டமன்று. 2021ஆம் ஆண்டிலும் டெஸ்லா கார்களில், வண்டி ஓடும்பொழுதே முன்திரையில் விளையாட இயன்றது. அமெரிக்க அரசு விசாரணை தொடங்கிய பின்னரே, அவ்வாண்டு டிசம்பரில் அந்நிறுவனம் அதனை நிறுத்த இசைந்தது.

இனித் தானே ஓடும் கார்களின் காலம். 2022 ஜூலையில் பிரிட்டன் தன் நெடுஞ்சாலை நெறிநூலைத் திருத்தி, அத்தகைய கார் தன்னைத்தானே ஓட்டும் வேளையில் உள்ளமைந்த திரையில் படம் பார்க்கலாம் என்றது. ஆனால் கார் அழைத்தவுடன் ஓட்டுநர் பொறுப்பேற்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும். கையிலேந்திய தொலைபேசிக்கு அப்பொழுதும் இடமில்லை.