நோன்புக்கா நோபல் பரிசு?



ரமழான் தலைப்பிறை கண்டதும் நம் வட்ஸ்அப் குறூப்களில் ஒரு செய்தி சுற்றும்: நோன்பின் நன்மையைக் கண்டுபிடித்த யப்பானியருக்கு நோபல் பரிசு, நோன்பு பிடித்தால் மருந்தே தேவையில்லை. நாமும் ஒருமுறை பகிர்ந்தவர்கள்தான்.

யொஷினொரி ஒசுமிக்கு 2016இல் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் 1988இல் அவர் பட்டினி போட்டது மனிதரை அல்ல, மதுவத்தை. பாண் மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்தான். பட்டினி கிடந்த கலம் தன் பாகங்களையே உள்ளே இருக்கும் ஒரு பைக்குள் இழுத்துச் சேர்ப்பதை நுணுக்குக்காட்டியில் கண்டார். அதில் நோன்பும் இல்லை, கொழுத்த உடம்பும் இல்லை.

உடற்பருமனின் கதை வேறிடத்தில் தொடங்கியது. 1993இல் அமெரிக்காவில், பருத்த எலிகளின் கொழுப்பே அழற்சியைத் தூண்டும் பதார்த்தத்தைச் சுரப்பதைக் கண்டார்கள். 2003இல், நோயை எதிர்க்க வேண்டிய வெண்கலங்கள் அந்தக் கொழுப்புக்குள் குவிந்து கிடப்பது தெரிந்தது. சும்மா கிடக்கும் மூட்டை என்று நாம் நினைத்திருந்த கொழுப்பு!

பட்டினியோடு வெண்கலங்களைச் சேர்த்துப் பார்த்த நியூயோர்க் ஆய்வு 2019இல் வந்தது. 19 மணித்தியாலம் சாப்பிடாத 12 பேரின் இரத்தத்தில் மொனோசைற் எனும் வெண்கலங்கள் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அந்த 12 பேரும் சாதாரண நிறையுள்ள சுகதேகிகள். பருத்த உடம்போடு சீனி வருத்தமும் உள்ள நம் உம்மா வாப்பாவுக்கு இதைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்ல முடியாது. குளிசையை சஹருக்கா இப்தாருக்கா எடுப்பது, இன்சுலின் அளவை மாற்றுவதா என்பதை நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கேட்டு வையுங்கள்.