காரின் காவல் மணி

சென்னைக்கு மேற்கே, ஆவடியை அடுத்து இருக்கிறது முத்தாபுதுப்பேட்டை. விமானப்படை நிலையத்தை ஒட்டிய ஊர். அங்கே ஒரு தெருவில் நிறுத்தி வைத்த கார் ஒன்று நள்ளிரவில் அலறத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் நாலு வீட்டில் விளக்கு எரியும். இரண்டாம் நாள் ஒரு வீட்டில் எரியும். மூன்றாம் நாள் எல்லோரும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். நான்காம் நாள் உண்மையாகவே திருடன் வந்தால்? 'புலி வருது, புலி வருது' என்ற கதைதான்!

இந்த அலறலை நிறுத்துவது எப்படி? அது ஏன் காரணமின்றி அலறுகிறது? இரண்டு கேள்விகளுக்கும் விடை, அந்த மணியின் வரலாற்றில் இருக்கிறது. இன்றைய காரின் காவல் ஏற்பாடு ஒரே நாளில் உண்டானதன்று. மணி, பூட்டு, குறியீடு என அடுக்கடுக்காகச் சேர்ந்தது. எந்த அடுக்கு எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால், பழுது எந்த அடுக்கில் என்று தேடுவதும் எளிதாகிவிடும்.

மணி முதலில் வீட்டுக்கு வந்தது

மின்சாரக் காவல் மணி காரைவிட மூத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் 1853ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கதவிலும் சன்னலிலும் மின் தொடர்புகளைப் பொருத்தினார். கதவு திறந்தால் மின்சுற்று முழுமை பெறும்; மின்காந்தம் சுத்தியலை அசைக்கும்; மணி அடிக்கும். திருடன் உடனே கதவைச் சாத்திவிட்டாலும் மணி நிற்காதபடி ஒரு வில்லையும் அமைத்திருந்தார். 1857இல் எட்வின் ஹோம்ஸ் என்ற வணிகர் இந்த உரிமையை வாங்கிப் பரப்பினார்.

'திறந்தால் அடி, மூடினாலும் நிறுத்தாதே' என்ற போப்பின் விதியைத்தான் இன்றைய கார் மணியும் பின்பற்றுகிறது. கதவைச் சாத்தினால் சத்தம் நிற்கவில்லையே என்று நாம் திகைப்பதும் இதனால்தான். அது பழுது அன்று, திட்டமிட்ட ஏற்பாடு.

சாவி இல்லாமல் ஓடிய வண்டிகள்

தொடக்க காலக் கார்களை முன்புறம் கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. காரைக் கிளப்புவது எளிதாயிற்று. திருடனுக்கும் வேலை எளிதாயிற்று!

1919இல் எவன்ஸ், பர்க்கன்பியூல் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு தடுப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். வரிசைக்கு 3 வீதம் மூன்று வரிசையில் சுவிட்சுகள். சரியானவற்றைப் போட்டால் எஞ்சின் கிளம்பும். தவறானவற்றைப் போட்டால் எஞ்சின் கிளம்பாது, ஹாரன் அலறும். எஞ்சினைத் தடுப்பதும் ஊரைக் கூப்பிடுவதும் ஒரே கருவியில் சேர்ந்துவிட்டன.

இரண்டாம் உலகப் போரில் இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. 1940இல் பிரிட்டனில் எதிரிப் படை இறங்கக்கூடும் என்ற அச்சம். ஆளில்லாமல் நிறுத்தும் வண்டியைக் கிளப்ப முடியாதபடி செய்துவிட்டுப் போகவேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மக்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள். கைக்குள் அடங்கும் அந்தத் துண்டு இல்லாவிட்டால் பிளக்குகளுக்கு மின்பொறி போகாது.

அமெரிக்கப் படையினரின் ஜீப்பிலோ நிலைமை நேர்மாறு. அதில் சாவிக்குப் பதில் ஒரு சிறு நெம்புகோல் வந்தது. போர்க்களத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? யார் ஏறினாலும் வண்டி உடனே கிளம்பவேண்டும். ஆகவே திருட்டைத் தடுக்க ஸ்டியரிங்கைச் சங்கிலியால் கட்டிப் பூட்டுப் போட்டார்கள். காவல் பலமானால் உரியவருக்கே தொல்லை. காவல் தளர்ந்தால் திருடனுக்கு வசதி. இந்த இழுபறிதான் பின்வந்த வரலாறு முழுவதும் நடக்கிறது.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிளம்பும் முறையை 1949இல் கிறைஸ்லர் நிறுவனம் கொண்டுவந்தது. ஸ்டியரிங் பூட்டை 1961இல் மேற்கு ஜெர்மனி கட்டாயமாக்கியது.

நம் பகுதியில்

அதே 1961ஆம் ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும் தொடங்கியது. ஸ்டார்ட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் என்று வண்டிக்கு வேண்டிய மின்கருவிகள் நம் ஊரிலேயே உருவாகத் தொடங்கின. அக்காலத்து அம்பாசடரிலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் மின்சுற்று எளிமையானது. பேட்டரியிலிருந்து இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒரே கம்பியை அறுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு மறைவுச் சுவிட்சை வைத்துவிட்டால் போதும். இடம் தெரியாதவரால் வண்டியைக் கிளப்ப முடியாது. மெக்கானிக் ஒருவர் அரை மணி நேரத்தில் செய்துதரக்கூடிய காவல் இது!

1998இல் பூந்தமல்லிக்கு மேற்கே, இருங்காட்டுக்கோட்டையில் கட்டப்பட்ட ஹூண்டாய் ஆலையின் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. மின்னணுக் கருவிகள் நிறைந்த புதிய தலைமுறைக் கார்கள் நம் தெருக்களில் பெருகின. காவலும் கம்பியிலிருந்து குறியீட்டுக்கு மாறியது.

மாறிக்கொண்டே இருக்கும் மறைசொல்

தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் ரிமோட் 1982இல் பிரான்சின் ரெனோ ஃபியூகோ காரில் வந்தது. தொடக்க கால ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பின. மறைந்திருந்து அதைப் பதிவு செய்தவன் மறுபடி ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடலாம். இதற்கு மாற்றாக, 1980களில் தென்னாப்பிரிக்காவில் 'கீலாக்' என்ற முறை உருவாயிற்று. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ரிமோட்டில் ஓர் எண்ணிக்கை ஒன்று கூடும். அந்த எண் மறைமொழியாகிப் போகும். காரும் தன் கணக்கை வைத்திருக்கும். பழைய எண் வந்தால் கார் மதிக்காது.

குழந்தை கையில் ரிமோட் கிடைத்து, வீட்டுக்குள்ளேயே இருபது முறை அழுத்திவிட்டால்? ரிமோட்டின் கணக்கு முன்னே ஓடிவிடும். கீலாக் முறையில் 16 எண் வரை முந்தினால் கார் பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் போனால், அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால்தான் ஏற்கும். ரிமோட் கேட்கவில்லை என்றால் காரின் அருகே நின்று இரண்டு முறை அழுத்திப் பாருங்கள் என்பதன் உட்பொருள் இதுவே.

இன்னொரு அடுக்கு, சாவிக்குள் இருக்கும் அடையாளம். 1986ஆம் ஆண்டுக் கார்வெட் காரின் சாவியில் ஒரு சிறு மின்தடை பதிக்கப்பட்டது. அதன் அளவு 15 வகைகளில் ஒன்று. தவறான அளவு என்றால் எஞ்சின் சில நிமிடங்கள் கிளம்பாது. பின்னர் மின்தடையின் இடத்தில் ஒரு நுண்சில்லு வந்தது. அதற்குத் தனி மின்கலம் வேண்டாம். சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலமே அதற்கு ஆற்றல் தரும். இதற்கு 'இம்மொபிலைசர்' என்று பெயர். 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயமாயிற்று. 1995 முதல் 2008 வரையிலான நெதர்லாந்துத் தரவுகளை ஆராய்ந்த இரு பொருளியலாளர்கள், இக்கருவி கார்த்திருட்டை ஏறக்குறைய 40 விழுக்காடு குறைத்ததாகக் கண்டனர்.

அலறலை நிறுத்த

இனி நம் கேள்விக்கு வருவோம். முதலில் காரைச் சுற்றி வந்து பாருங்கள். உண்மையாகவே யாராவது கைவைத்திருக்கலாம். பிறகு அடுக்கடுக்காகப் போகலாம்.

ரிமோட்டில் திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். பயனில்லையா? அதன் வில்லை மின்கலம் தீர்ந்திருக்கலாம். சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்து, இக்னிஷனை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். உரிய சாவி என்று கண்டுகொண்டால் பெரும்பாலான கார்கள் அடங்கிவிடும். பொத்தானால் கிளம்பும் காரில், ரிமோட்டை அந்தப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தவேண்டும்; சில கார்களில் இதற்கென வேறு இடம் உண்டு. வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள்.

அடிக்கடி காரணமின்றி அலறினால், போப்பின் அடுக்கைத் தேடுங்கள்: கதவு, டிக்கி, பானெட் ஆகியவற்றின் சுவிட்சுகள். பானெட் சுவிட்சில் மழைநீரும் தூசியும் சேர்ந்தால், மூடிய பானெட்டும் திறந்ததுபோல் காட்டும். அடுத்து பேட்டரி. முழு மின்னேற்றம் உள்ள 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போனால் தளர்ந்துவிட்டது என்று பொருள். மின்னழுத்தம் திடீரென்று விழுவதை, யாரோ கம்பியை அறுப்பதாகச் சில மணிகள் எடுத்துக்கொள்ளும். வெளிக்கடையில் பொருத்திய அலாரமானால், அதிர்ச்சி உணரும் பெட்டியில் உள்ள திருகை மெக்கானிக் சற்றுக் குறைத்து வைத்தாலே, லாரி போகும்போதெல்லாம் அலறுவது நின்றுவிடும்.

கடைசி வழி, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. எதிர்முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டவேண்டும். இன்றைய கார்களில் எதிர்முனை உடலோடு இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் உடலில் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். சில சைரன்களுக்குள் தனி மின்கலம் உண்டு. அவை கழற்றிய பிறகும் கத்தும். அப்போது கம்பிகளை அறுக்காதீர்கள், அறிந்தவரை அழையுங்கள்.

சாவியிலும் காரிலும் குறையே இல்லாமல் ரிமோட் தோற்பதும் உண்டு. 2019இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து நார்த் ஓம்ஸ்டெட் ஊரில், ஒரு தெருப்பகுதி முழுவதும் கார் ரிமோட்டுகள் இயங்காமல் போயின. ஒருவர் தம் வீட்டில் பொழுதுபோக்காகச் செய்து வைத்த கருவி, அதே அலைவரிசையில் ஓயாமல் ஒலிபரப்பியதே காரணம். 2004இல் புளோரிடாவில் எக்லின் விமானப்படைத் தளம் புதிய வானொலியைச் சோதித்தபோது, சுற்றுப்புற வீடுகளின் கார்க்கொட்டகைக் கதவுகள் ரிமோட்டுக்குப் பணியவில்லை. ஆகவே ஓரிடத்தில் மட்டும் ரிமோட் தோற்றால், வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்.

இழுபறி இன்னும் முடியவில்லை. 2011இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை நீட்டித்து, 8 நிறுவனங்களின் 10 வகைக் கார்களைத் திறந்து கிளப்பிக் காட்டினர். சாவியைத் திருடவேண்டிய தேவையே இல்லை!

வாசகர்களே, இம்மொபிலைசர் சத்தமின்றித் தன் வேலையைச் செய்கிறது. அதற்கு யார் உதவியும் வேண்டாம். மணிக்கோ கேட்பதற்கு ஆள் வேண்டும். பொய்யாக அடிக்கும் ஒவ்வொரு மணியும் அந்தக் கேட்பவரை ஒருவர் ஒருவராகக் குறைத்துவிடுகிறது. உங்கள் கார் காரணமின்றி அலறினால், மறுநாளே அந்தச் சுவிட்சைத் துடைத்து, அந்தத் திருகைச் சரிசெய்யுங்கள். தெருவின் தூக்கமும் பிழைக்கும். உங்கள் காரின் காவலும் பிழைக்கும்.